நாளைய மழைக்கு ஒரு சவ்வு

தென்காசிக்கு மேற்கே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, செங்கல் சூளைகளும் வயல்களும் மாறி மாறி வருகிற இடத்தில் தனியாக நிற்கிற மூன்று மாடி அடுக்குவீட்டில், நடு மாடியில், உலகம்மாளின் படுக்கையறைச் சுவர் மழைக்கு ஒருநாள் முந்தியே நனைந்துவிடும், நாளைக்குப் பெய்யப்போகிற மழை இன்றைக்கே வந்து அதில் ஊறி நிற்கும், இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் மலையாளத்துப் பக்கமிருந்து ஆரியங்காவுக் கணவாய் ஏறி இறங்கி மூச்சுவாங்க வருகிற மழை, ஊருக்குள் நுழையுமுன் முதலில் தட்டுப்படுகிற மேற்குச் சுவரில், பஸ் ஸ்டாண்டில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தூணில் சாய்கிற வெளியூர்க்காரன் போல ஒரு பொழுது சாய்ந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். சாய்வதற்கு ஊரில் வேறு சுவரே கிடைக்கவில்லையா என்று கேட்டது உலகம்மாள் ஒருத்திதான்.

முதலில் கண்டுபிடித்தது மேல்மாடி மைதீன்பாத்து. வடகம் போட்டு விற்கிறவள், மொட்டை மாடி பூராவும் அவள் வடகம்தான் காயும். ஒருநாள் சுள்ளென்று வெயில் அடிக்கையில் உறைமோர் வாங்க வந்தவள் சுவரில் ஈரத்தைப் பார்த்தாள், மறுநாள் அவள் வடகம் நனைந்தது. இன்னொருநாளும் பார்த்தாள், இன்னொருமுறையும் நனைந்தது. அதற்குமேல் அவள் விடுவாளா? விடிந்ததும் படியில் நின்று, "ஏளா உலகு, சுவரு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவு கிண்ட ஆரம்பித்தாள். கேட்டதை வாயோடு வைத்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. பின்பக்கத்துச் சூளைக்காரர் சொரிமுத்துவிடம் சொன்னாள், வேகாத பச்சைக்கல்லில் ஒரு தூறல் விழுந்தாலும் கல் கரைந்து மண்ணாகிப்போகும் என்பதால் அவர் ஓடிவந்து சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவர் பந்தல்காரனிடம் சொன்னார், பந்தல்காரன் கல்யாண மண்டபத்தில் சொன்னான், அப்புறம் களத்தில் நெல் காயப்போட்டவர்கள், தேர் இழுக்கிற கமிட்டிக்காரர்கள், குற்றாலத்தில் துண்டு விற்கிறவர்கள் என்று ஊரே படியேறி வந்தது.

சும்மா வந்தார்களா? சுவரைப் படிக்கவே கற்றுக்கொண்டார்கள். ஈரம் கணுக்கால் மட்டம் என்றால் தூறல், கட்டில் மட்டம் என்றால் நல்ல சாரல், சன்னல் மட்டம் என்றால் அருவியில் குளிக்கத் தடை, சன்னலுக்கு மேலே போனால் பள்ளிக்கூடம் லீவு. ஒருத்தர் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், ஒருத்தர் மோந்து பார்ப்பார், மண்டபத்து மேனேஜர் நாக்கை நீட்டியே பார்த்துவிட்டார். "தங்கச்சி, அந்தக் கட்டிலைச் செத்த தள்ளிப் போடுதியா, மூலை மறைக்குது" என்று உரிமையோடு கேட்பார்கள். கட்டிலில் ஒரு மனுஷன் படுத்துக்கிடக்கிறாரே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு உலகம்மாளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கட்டிலில் கிடந்தது அவள் புருஷன் திருமலைக்குமார். செங்கோட்டை போகிற அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவர் ரெட்டை விசில் கொடுத்தால் பஸ் மட்டுமா கிளம்பும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனும் டம்ளரை வைத்துவிட்டுத் தன்னையறியாமல் எழுந்துவிடுவான். அப்பேர்ப்பட்டவருக்கு, சுவரில் பூத்த பூஞ்சணம் நெஞ்சில் இறங்கி இளைப்பாகப் பிடித்துக்கொண்டது. விசிலை வாயில் வைத்தால் காற்று வரவில்லை, விசிலை எடுத்துவிட்டால் நெஞ்சுக்குள் அதுபாட்டுக்கு விசில் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருப்பார், இவர் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டுவார், தட்டுவது கேட்காமல் பஸ் நிற்கும், பஸ்ஸில் இருக்கிறவர்கள் ஆளாளுக்குக் கத்துவார்கள். விசில் அடிக்க முடிகிறபோது வாரும் என்று டெப்போவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவர் விசிலைக் கயிற்றோடு கழற்றிச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் படுத்தார். ராத்திரி அவர் நெஞ்சில் கேட்கிற விசிலை எண்ணிக்கொண்டே உலகம்மாள் விழித்திருந்தாள்.

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். "மருந்து நான் தந்துருவேன், சுவரை யாரும்மா மாத்துவா? இன்னொரு சாரலை இந்தச் சுவரோட கழிச்சார்னா, பெறகு எங்கிட்ட வந்து நிக்காத."

அன்றிலிருந்து உலகம்மாளுக்கு ஒரே கவலைதான், ஆனி பிறந்து அடுத்த சாரல் பருவம் வருமுன் சுவர் காய வேண்டும். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்தாள், ஓதம் கதவிடுக்கு வழியாகப் பின்னாலேயே வந்தது. வீட்டை விற்கலாம் என்று பார்த்தாள், வாங்க வருகிறவன் சுவரைத் தொட்டுப் பார்த்து, "நாளைக்கு மழை இல்ல போலுக்கே" என்று சந்தோஷமாகப் போய்விடுகிறான். உள்ளே என்ன பூசினாலும் நிற்காது, சுவருக்கு வெளிப்பக்கம்தான் தண்ணீர் தடுக்கிற சவ்வு மாட்டி அதன்மேல் சிமெண்ட் பலகை அடிக்க வேண்டும் என்று திருநெல்வேலியிலிருந்து வந்து பார்த்த என்ஜினீயர் பெண் ஜெனிபர் சொன்னாள். வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது. பொது என்றால் சங்கத்தைக் கேட்க வேண்டும். சங்கம் என்றால் செயலாளர் சிவசைலம் அண்ணாச்சியைக் கேட்க வேண்டும்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. கீழ்வீட்டுக்காரர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷன், ஆனால் அவர் வாயிலிருந்து 'சரி' என்றொரு சொல்லை வாங்குவதற்குள் நமக்கு நரைத்துவிடும். இல்லை என்றும் சொல்லமாட்டார். "பாப்போம்" என்பார். தண்ணித்தொட்டியில் எலி செத்துக் கிடந்தபோதும் எட்டிப் பார்த்துவிட்டு "பாப்போம்" என்றவர் அவர்.

கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு கூட்டமா, ரெண்டு கூட்டமா! தை முழுக்கக் கூட்டம், மாசி முழுக்கக் கூட்டம். அண்ணாச்சி சவ்வுக்கு மாதிரித் துண்டுகள் வரவழைத்தார், தார் பூசிய அட்டை ஒன்று, கறுப்பு பிளாஸ்டிக் ஒன்று, பெயிண்ட் போல அடிக்கிற பசை ஒன்று, மூச்சு விடுகிற சவ்வு என்று வெள்ளைத் துணி போல ஒன்று. அதையெல்லாம் மேசையில் பரப்பித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள், துவைத்துக்கூடப் பார்த்தார்கள். எதை எடுத்தாலும் ஒரு குறை சொன்னார்கள். குறை சவ்வில் இல்லை என்பது உலகம்மாளுக்குத் தெரியும். சுவர் காய்ந்துபோனால் நாளைக்கு மழை உண்டா என்று எங்கே போய்க் கேட்பது, அதுதான் அத்தனை பேருக்கும் உள்ளூர இருந்த பயம், ஆனால் இளைப்போடு கிடக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொரிமுத்து சொல்லிவிட்டார். அவர் அந்த அடுக்குவீட்டில் குடியிருக்கிறவரே இல்லை, ஆனாலும் முதல் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

"மதினி சொல்லுததும் நியாயந்தான், நான் இல்லங்கல. ஆனா இன்னைக்குப் பெய்யுத மழையை நிப்பாட்டிட்டு, நாளைக்குப் பெய்யப்போற மழையை மட்டும் உள்ள விடுத மாதிரி ஒரு சவ்வு இருக்கான்னு கம்பெனில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் அண்ணாச்சி."

உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணாச்சியோ நிஜமாகவே போன் போட்டார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரிலும் போட்டார். கம்பெனிக்காரன் கொஞ்சமும் அசரவில்லை. "சார், மாட்டுன பெறகு பெய்யிற மழைக்குத்தான் வாரண்டி. பெய்யாத மழைக்குக் கம்பெனி பொறுப்பில்ல" என்றான். அதையும் ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள்.

"பூராவும் மூட வேண்டாமே, ஒரு முறத்தளவுக்கு இடம் விட்டு மாட்டுனா என்ன?" என்றாள் மைதீன்பாத்து மெதுவாக.

"ஒனக்கு வடகம் பெருசா, அவுக உசுரு பெருசா?" என்று உலகம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மைதீன்பாத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்புறம் கொஞ்ச காலம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

எந்தச் சவ்வு என்று உலகம்மாள் தானே தேர்ந்தெடுத்துவிட்டாள். ஜெனிபர் சொல்லியிருந்தாள், "பிளாஸ்டிக்கும் தண்ணிய விடாதுதான்க்கா, ஆனா நீங்க விடுற மூச்சு, சமைக்கிற ஆவி, உள்ள இருக்க ஈரம் எதையும் வெளிய போக விடாது. சுவரு உள்ளுக்குள்ளயே அவிஞ்சு போகும். சாருக்கு இன்னும் மோசமாயிரும்." உலகம்மாள் இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதன் வாயில் வெள்ளைச் சவ்வைக் கட்டி, மேலே ஒரு தட்டைப் பிடித்தாள், தட்டு வேர்த்தது. பானையை ஆறவைத்துக் கவிழ்த்தாள், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளேயிருக்கிறதை வெளியே விடுகிறது, வெளியேயிருக்கிறதை உள்ளே விடவில்லை. பிளாஸ்டிக்கைக் கட்டியபோது தட்டு பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பானையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கே போய்ச் செய்து காட்டினாள். பார்த்தவர்கள் தலையாட்டினார்கள், இட்லி எங்கே என்று ஒருத்தர் கேட்டார்.

கடைசியில் ஒருநாள் திருமலைக்குமாரே சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிக் கூட்டத்துக்கு வந்தார். "எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். மூச்சு வாங்கினார். "எனக்கு ஒண்ணும் பெருசா..." என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, நெஞ்சில் விசில்தான் வந்தது, அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

"இன்னும் என்னத்தப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று மைதீன்பாத்து எழுந்து நின்றுவிட்டாள். "எம் வடகம் நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். சொரிமுத்துவும் மூச்சு விடுகிற சவ்வுதானே, மூச்சு விட்டால் மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலா போகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இனி எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டால்தானே! ஜெனிபர் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள், கூரை வேய்கிற மாதிரி கீழேயிருந்து ஆரம்பிக்க வேண்டும், முதல் விரிப்பு அடியில், அடுத்தது அதன்மேல் நாலு விரல் படிய, அப்படியே மேலே போக வேண்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் வெளிப்பக்கமாகவே இறங்கும். ஓலைக்கூரை வேய்ந்த ஊர், இது தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் வைகாசியில் நல்லநாள் பார்த்துச் சாரம் கட்டித் தேங்காய் பழத்தோடு நின்றபோதுதான் அண்ணாச்சி கீழே குனிந்து பார்த்தார். மேற்குச் சுவரின் அடியில் செப்டிக் டேங்க் இருந்தது.

"ஒரு நல்ல காரியத்தைக் கக்கூஸ் தொட்டி மேல நின்னா ஆரம்பிக்கச் சொல்லுத? இங்க வச்சுச் சூடம் காட்ட முடியுமா தங்கச்சி?"

"தண்ணிக்கு அது தெரியுமா அண்ணாச்சி? கீழ இருந்துதான் மாட்டணும்னு அந்தப் பிள்ள கிளிப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயிருக்கு."

"மாட்டிக்கிடலாம், யாரு வேண்டாம்னா? மொத விரிப்பை மட்டும் சாங்கியத்துக்கு மேல மாட்டிருவோம். மத்தது கீழ இருந்து வரட்டும்."

மொட்டை மாடியிலிருந்து தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் விரிப்பை நாலு பக்கமும் ஆணியடித்துத் திருத்தமாக உச்சியில் மாட்டினார்கள். மேலே ஏறிய வேலையாட்கள் சாரத்தில் கீழே இறங்கிவந்து மறுபடி ஏறுவானேன் என்று அங்கிருந்தே அடுத்ததைத் தொடங்கினார்கள். மேல் விரிப்பின் விளிம்பைத் தூக்கி அடியில் செருகலாம் என்றால், குங்குமம் வைத்ததைப் பிரிக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. அதனால் ரெண்டாவதை முதலின் மேலேயே படியவைத்தார்கள், மூன்றாவதை ரெண்டாவதின் மேல், இப்படியே செப்டிக் டேங்க் வரைக்கும் அத்தனை விளிம்பும் தலைகீழாக, வழிகிற தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு இறங்கியது. உலகம்மாள் கீழே நின்று கத்தினாள், தொண்டை கட்டியதுதான் மிச்சம். "நல்லபடியா முடிஞ்சிட்டும்மா" என்று அண்ணாச்சி ஜெனிபருக்குப் போனில் சொல்லிவிட்டார். மேலே அடிக்கிற சிமெண்ட் பலகைக்கு என்ன நிறம் என்று முடிவாகாததால் சாரத்தைப் பிரிக்கவில்லை, வெள்ளைச் சவ்வும் அப்படியே வெளியில் தெரிய நின்றது.

ஆனால் சுவர் காய்ந்தது. உள்ளே இருந்த ஈரம் சவ்வின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, பூஞ்சணம் பொடியாக உதிர்ந்தது. திருமலைக்குமார் தலையணை இல்லாமல் தூங்கினார், உட்கார்ந்து சாப்பிட்டார், பிறகு படியேறினார். உலகம்மாளும் தலைகீழ் விளிம்பைப் பற்றிப் பேச்செடுப்பதை விட்டுவிட்டாள். எப்படியோ காய்ந்ததே, அதுதான் அவளுக்கு வேண்டியது.

ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கியது, காற்று வந்தது, காற்றில் மண்வாசனைகூட வந்தது, மழை மட்டும் வரவில்லை. அது எப்போதும்போல முந்தின நாளே வந்து உலகம்மாள் வீட்டுச் சுவரில் சாயப்பார்த்தது, விளிம்பு விளிம்பாகத் திறந்திருந்த வாய்களுக்குள் வழிந்து இறங்கிச் சவ்வுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது, மறுநாள் கிளம்பி ஊருக்குள் போக வழியில்லாமல், சுவருக்குள்ளும் இறங்காமல், சவ்வின் மடியிலேயே தங்கிவிட்டது. அடுத்த நாள் மழையும் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. வெள்ளைச் சவ்வு லேசாக உப்பியது, அப்புறம் நன்றாக உப்பியது, ஆனி முடியுமுன் மேற்குச் சுவர் பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு தள்ளி நின்றது. ரோட்டில் போகிற பெண்கள் நின்று பார்த்து இது எத்தனை மாசம் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ சாரத்தில் ஏறிக் கண்ணாடி வளையல் சரம் கட்டிவிட்டுப் போனார்கள், இன்னொருத்தர் புளிச்சோறு கட்டிக்கொண்டுவந்து செப்டிக் டேங்க் மேலேயே வைத்தார், அப்போது மட்டும் அது கக்கூஸ் தொட்டியென்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு "பாப்போம்" என்றார்.

ஊர் காய்ந்தது. குற்றாலத்தில் அருவி விழுகிற பாறையில் ஈரக்கறை மட்டும் இருந்தது, துண்டு விற்கிறவர்கள் துண்டை விரித்து அதில் படுத்தார்கள், நாற்று மஞ்சளாகியது. மழையில்லாமல் சூளை எரித்துத் தள்ளிய சொரிமுத்துவுக்குக் கூட, தண்ணீர் இல்லாமல் எவனும் வீடு கட்டாததால் கல் மலையாகக் குவிந்து கிடந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் ஊர் திரண்டு வந்தது, கையில் கத்தி, பிளேடு, அரிவாள்மனை.

"கிழிச்சு விட்டுருவோம் மதினி. சவ்வும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், சுவரு பழையபடி இருந்துட்டுப் போட்டும்" என்றார் சொரிமுத்து.

பழையபடி! அந்தச் சொல்லைக் கேட்டதும் உலகம்மாளுக்கு அத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சாரத்தின் அடியில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாள்.

"பழையபடின்னா என்ன அண்ணாச்சி? அவுக பழையபடி கட்டில்ல கெடக்கணும், நீங்க பழையபடி கட்டிலைத் தள்ளிப் போட்டுட்டு மோந்து பாக்கணும், அதானே? நான் காப்பி போடணும். எம் புருஷன் மூச்சு முட்டிக் கெடந்தப்ப இந்தக் கத்தியத் தூக்கிட்டு ஒருத்தராவது வந்தியளா? இப்ப ஒங்க மழை எஞ் சுவத்துல கெடக்கு. கிழிக்க விட மாட்டேன். கிழிச்சு அது சுவத்துக்குள்ள எறங்குனா இந்தச் சுவரு ஏழு சென்மத்துக்கும் காயாது. பிரிச்சு ஒழுங்கா மாட்டுங்க. கீழ இருந்து. தேங்கா ஒடைக்கணும்னா அதையும் கீழயே ஒடைங்க."

அவள் பக்கத்தில் மைதீன்பாத்து வந்து நின்றாள், மாவு ஒட்டிய கரண்டியோடு. அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

ஜெனிபர் வந்தாள். வயிற்றை அண்ணாந்து பார்த்தாள், மழை தங்கியிருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "யாரு இதை மேல இருந்து மாட்டுனது?" என்று மட்டும் கேட்டாள். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காயை எடுத்துப்போய்ச் செப்டிக் டேங்கின் மூடி மேல் ஓங்கி அடித்து உடைத்தார், சூடம் கொளுத்தினார், மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையிலேயே பார்ப்போம் என்று சொல்லாமல் செய்த காரியம் அதுதான். அப்புறம் சாரத்தில் ஏறிக் குங்குமம் வைத்த விரிப்பின் ஆணிகளைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

விரிப்பு விரிப்பாக விளிம்பைத் தூக்கி, கீழதை உள்ளே தள்ளி, மேலதை அதன்மேல் படியவைத்து, அடியிலிருந்து உச்சி வரை மாற்றினார்கள். விளிம்பு மாற மாற மழை நகர்ந்து நகர்ந்து மேலே போய், கடைசி விரிப்பும் திருந்தியதும், சுவருக்கும் சவ்வுக்கும் நடுவிலிருந்து வெளியேறிச் சவ்வின் வெளிப்பக்கம் வந்தது. வந்து அங்கேயே அப்பிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. அத்தனை நாள் உட்கார்ந்த இடம், சுகம் கண்டுவிட்டதோ என்னவோ. கீழேயிருந்து கூட்டம் "வா, வா" என்று கத்தியது, கை தட்டியது, கல்யாண மண்டபத்துக்காரர் கொட்டுமேளத்தையே கொண்டுவந்து அடிக்கச் சொன்னார், சொரிமுத்து ஒரு மூங்கிலால் நெம்பினார். அது அசையவில்லை. இதற்கும் தன்னைத்தான் கேட்பார்கள் என்று உலகம்மாளுக்குத் தெரியும், கேட்டும் விட்டார்கள், "இப்ப என்ன செய்ய?" என்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் வாயில் ஏதோ கெட்ட வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

அப்போது நடு மாடிச் சன்னல் திறந்தது. திருமலைக்குமார் எட்டிப் பார்த்தார். தலைக்கு மேலே மழை பிதுங்கிக்கொண்டு நிற்பதையும், கீழே ஆளாளுக்குக் கத்துவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். செங்கோட்டை பஸ்ஸில் திருவிழா நாளில் அவர் பார்க்காத காட்சியா இது?

"ஏன் இந்தக் கத்து கத்துதிய?" என்றார். "வண்டி நெறஞ்சா தன்னால கெளம்பிருமா? விசில் கொடுக்காண்டாமா?"

சன்னல் கம்பியில் தொங்கிய விசிலை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயில் வைத்தார். உலகம்மாள் சன்னலுக்கு நேர் கீழே ஓடிவந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், காற்று வராமல் போய்விட்டால், இத்தனை பேர் முன்னால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டால், அந்த மனுஷன் மறுபடி அதைக் கையால் தொடமாட்டார். ஆனால் அவர் தோள் உயர்ந்தது, நெஞ்சு விரிந்தது, விரிந்துகொண்டே போனது.

ரெட்டை விசில். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மழை ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு சவ்வை விட்டுப் பிரிந்து, விளிம்பு விளிம்பாகச் சுவரைத் தாண்டி, மொட்டை மாடி மேலேறி, கிழக்கே ஊரைப் பார்த்து முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே கிளம்பியது. ஆனி மாசத்து மழை மொத்தமும் அன்றைக்கு மத்தியானம் தென்காசியில் பெய்தது. கூட்டத்தில் ஒருத்தரும் ஓடவில்லை, கத்தியையும் அரிவாள்மனையையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். மைதீன்பாத்துவின் வடகம் மொத்தமும் கூழாகிப்போனது, அவள் அதைப் பார்த்து அல்லாவை ஒரு பக்கமும் உலகம்மாளை ஒரு பக்கமும் திட்டினாள், சிரித்துக்கொண்டேதான்.

மறுநாளும் சாரல் அடித்தது. திருமலைக்குமார் யூனிபாரத்தை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டு, சாப்பிட்ட களைப்பில் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். அடுத்த நாள் டூட்டி. கீழே சிமெண்ட் பலகைக்கு என்ன நிறம் என்று கூட்டம் நடந்தது, "பாப்போம்" என்கிற குரல் மாடி வரைக்கும் கேட்டது. கதவைத் தட்டினார்கள். சொரிமுத்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு.

"மதினி, நாளைக்கு மழை உண்டா?"

"வெளிய போயி வானத்தப் பாரும்."

"இல்ல, பச்சைக்கல்லு கெடக்கு. நாளைக்கு ஒருநாள் மட்டும் அண்ணன் விசில் அடிக்காம இருந்தாகன்னா..."

உலகம்மாள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். படுக்கையறைக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள், சுண்ணாம்புப் பொடிதான் ஒட்டியது. என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. அறையில் எப்போதும் கேட்கிற ஏதோ ஒன்று கேட்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் கேட்டாள். உள்ளே ஒன்றும் விசில் அடிக்கவில்லை, மூச்சு போனது, வந்தது, அவ்வளவுதான். மழைச் சத்தம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை கூட்டத்திலும் வராத அழுகை. அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அந்த மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அதில் அவள் சாய்வது அதுதான் முதல் தடவை.